குமரேசனுக்குப் பிடித்த இசைத்தட்டுகள்

மெல்பர்ன் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதில் விதை இருக்கிறதா?" என்று கேட்டார். விதை இல்லாத எலுமிச்சை உங்கள் ஊரில் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் நான் சிட்னியில் ஒரு காரியத்தை முடித்தாக வேண்டும். ஊறுகாய்க்காகச் சண்டை போட எனக்கு நேரமில்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று பாட்டிலை அவரிடமே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

குமரேசன் என் கல்லூரித் தோழன். திருச்சியில் ஒரே விடுதி, அடுத்தடுத்த அறை. நான் வங்கியில் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றேன். அவன் பொறியாளனாகி மஸ்கட் போய், அங்கிருந்து மெல்பர்ன் வந்து, யாழ்ப்பாணத்துப் பெண் கௌரியைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு சிட்னி போனான். பதினோரு வாரத்துக்கு முன்பு, காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். பக்கவாதம். கையும் காலும் மெதுவாக அசையத் தொடங்கின. பேச்சு மட்டும் வரவேயில்லை. அறுபது வயது மனிதன் வாயிலிருந்து பதினோரு வாரமாக ஒரு சொல் இல்லை.

"ஒரு சொல் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை அண்ணா," என்று கௌரி தொலைபேசியில் அழுதாள். "ஒருத்தரையும் பார்க்கிறாரில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறார். பயிற்சிக்கும் ஒத்துழைக்கிறாரில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டர்மார் கூடிக் கதைக்கப் போகினம். முன்னேற்றம் இல்லையெண்டால் இந்தக் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டு, இவரை முதியோர் காப்பகத்துக்கு அனுப்பிப் போடுவினம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், அவருக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது என்று கேட்டிருக்கிறாள். நெஞ்சுக்கு நெருக்கமான பாட்டைக் கேட்டால் சிலருக்கு வாய் திறக்குமாம். கௌரிக்குத் தெரியவில்லை. வழக்கம்போலப் பக்திப் பாடல்களைப் போட்டு வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. குமரேசனுக்குப் போய்ப் பக்திப் பாட்டா?

"அவனுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியும்மா. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றேன்.

கப்பலில் வேலை பார்த்த என் மாமா ஊர் திரும்பும்போதெல்லாம் எனக்கு இசைத்தட்டுகள் கொண்டு வருவார். ராக், புளூஸ், வெள்ளைக்காரர்களின் நாட்டுப்பாட்டு என்று சேர்ந்து சேர்ந்து நாற்பது தட்டு ஆயிற்று. விடுதியில் யாருக்கும் அந்தப் பாடகர்கள் பெயர் வாயில் நுழையாது. அதனால் உறையில் என்ன படம் இருக்கிறதோ அதையே பெயராக வைத்துவிடுவோம். 'லாரியைப் போடு', 'குடைக்காரியைப் போடு' என்றுதான் பேச்சு. என் அறையில், என் பிளேயரில், தினமும் குமரேசனும் நானும் உட்கார்ந்து கேட்போம். இரண்டு வருடம் ஒரு நாள் தவறியதில்லை. வங்கி வேலை கிடைத்து ஊர் ஊராக மாற்றல் என்றானதும், பெட்டியோடு நாற்பது தட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். என்னை விட்டால் அவற்றை மதிக்கிறவன் அவன் ஒருவன்தான் என்று நம்பினேன்.

எனக்கு நினைவிருந்த பாடகர்களின் பெயர்களை அவன் மகள் ஆரணிக்கு எழுதி அனுப்பினேன். அவள் ஃபோனில் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினாள். அவன் அசையவில்லை. "ஃபோன்ல கேட்டா எப்படிம்மா வரும்? எங்க தட்டு வேணும், அதுல ஊசி கரகரன்னு இறங்கணும்," என்றேன். தட்டுகள் சிட்னிக்குப் போகவில்லை, மெல்பர்னில் கௌரியின் தம்பி வீட்டில் கிடக்கின்றன என்று தெரிந்தது. அதனால்தான் முதலில் மெல்பர்ன்.

கௌரியின் தம்பி யோகன் மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் இருக்கிறார். அங்கே தெருவில் ஆளே இல்லை. நம் ஊர்த் தெருவில் ஒரு மணி நேரம் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் ஊரடங்கு போட்டுவிட்டார்கள் என்று நினைப்போம். வீட்டுக்குள் நுழைந்ததும் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. "இருந்து ஆறுதலாச் சாப்பிடுங்கோ அண்ணை," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் யோகன். எனக்கு எங்கே ஆற அமர நேரம்? ஒரு வாய் பிட்டு, ஒரு பார்வை கடிகாரம் என்று சாப்பிட்டேன்.

கார் கொட்டகையில் ஓட்டப் பயிற்சி இயந்திரம், பழைய மெத்தை, புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மரப்பெட்டி இருந்தது. மூடியில் என் கையெழுத்து. அதன் மேல் யாரோ பிளாஸ்டிக் தாள் போட்டு நாலு பக்கமும் ஒட்டியிருந்தார்கள்.

"அத்தான் சிட்னிக்குப் போகேக்க அவர்தான் ஒட்டினவர்," என்றார் யோகன். "இதில ஒருத்தரும் கை வைக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்."

எனக்கு மார்பு நிமிர்ந்தது. பார், இவ்வளவு காலம் கழித்தும் அவனுக்கு அவற்றின் மேல் எத்தனை பிரியம்! நாற்பதும் இருந்தன, உறை கசங்காமல். கொட்டகையிலேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். யோகன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் என்னை வெளியே அழைத்துப் போனால் படபடப்புக் குறையும் என்று நினைத்து பக்கத்தில் இருந்த ஸ்பிரிங்வேலுக்குக் கூட்டிப் போனார். அதுதான் நம் கடைத்தெரு மாதிரி இருந்தது. மீன் நாற்றம், கூவல், இடித்துக்கொண்டு நடக்கிற ஜனம். வியட்நாம்காரர் கடையில் ஒரு தொட்டி சூப்பில் நூடுல்ஸ் வந்தது. பக்கத்து மேசைப் பெண் தன் கணவனிடம் ஏதோ சொல்ல, யோகன் காதில் விழுந்ததை எனக்குச் சொன்னார்: "நாளைக்கு நாற்பத்தொரு பாகை வெயிலாம்."

விமானத்தில் பெட்டியைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள், எடை அதிகம். சாமான்களோடு போட்டால் தூக்கி எறிந்து உடைப்பார்கள் என்ற பயம். அதனால் புதன்கிழமை காலை ரயில். பெட்டியைக் காலடியிலேயே வைத்துக்கொண்டேன். வழி முழுக்கக் காய்ந்த மஞ்சள் புல்லும் ஆடுகளும்தான். சாயங்காலம் சிட்னி என்று கணக்குப் போட்டபடி லேசாகக் கண்ணயர்ந்தேன்.

அல்பரி என்கிற ஊரில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். வெயிலில் தண்டவாளம் விரிந்துவிட்டதாம், இனி எல்லோரும் பஸ்ஸில் போக வேண்டுமாம். நம் ஊராக இருந்தால் இந்த நேரம் ஸ்டேஷன் மாஸ்டரைச் சுற்றி ஐம்பது பேர் நின்று குரல் கொடுத்திருப்பார்கள். இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். எனக்கு அதைப் பார்த்துத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பஸ் ஓட்டுநர் என் பெட்டியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். "இது கீழே சாமான் அறைக்குள் போகணும். மேலே இடமில்லை."

"இதெல்லாம் இசைத்தட்டு. சூட்டில் நெளிந்துவிடும். உள்ளே ஒரு நோயாளியின் உயிரே இருக்கிறது," என்று கெஞ்சினேன்.

"மடியில் கொள்கிற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முடியாது. எனக்கு நேரமாகிறது, நண்பரே."

சாமான் அறையின் தகரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இன்னும் ஏழு மணி நேரம் அதற்குள் கிடந்தால் என்ன மிஞ்சும்? என் தோள்பையில் துணியை வெளியே எடுத்துவிட்டுத் திணித்தால் மூன்று தட்டுக்குத்தான் இடம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். நாற்பதில் மூன்று! மூன்றே நிமிடத்தில் மூன்று எடுத்தேன்.

முதலில் என் கை 'தகரக் கொட்டகை'க்குப் போனது. தகரக் கொட்டகை முன்னால் ஒரு கறுப்பினக் கிழவர் நிற்கிற படம். ஒரே குரல், ஒரே கிட்டார். இரண்டாம் வருடத்தில் மூன்று பாடத்தில் தோற்றேன். அப்பா நாலு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கிழவர் பாடியதில் கால்வாசி எனக்குப் புரியாது. ஆனால் நன்றாக அடி வாங்கிய ஒரு மனிதர் காலால் தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே பாடுகிறார் என்பது புரிந்தது. அடி வாங்கியவனும் தாளம் போடலாம் என்று அந்தத் தட்டுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மூன்று பாடத்தையும் எழுதித் தேறினேன்.

இரண்டாவது 'லாரி'. சேற்றில் மாட்டிய லாரியைச் சுற்றி நீளமுடிக்காரர்கள் நாலு பேர் நிற்பார்கள். காது கிழிகிற ராக். நான் வெளியே சாது. பெரியவர்கள் எதிரே வாய் திறக்காத பிள்ளை. எனக்குள் இருந்த கோபமெல்லாம் யாரோ என் சார்பில் கத்துகிற மாதிரி அந்த நாலு பேரிடமிருந்து வரும். பொறியியல் வேலை வேண்டாம், வங்கித் தேர்வு எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொன்னது, அந்தத் தட்டின் முதல் பக்கத்தைக் கேட்டு முடித்த கையோடுதான்.

மூன்றாவது 'குடைக்காரி'. துறைமுகப் படிக்கட்டில் மடக்கிய குடையோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். நாட்டுப்பாட்டு. அம்மா இறந்து, காரியம் முடிந்து விடுதிக்குத் திரும்பினேன். மூன்று நாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. இந்தத் தட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு கிடந்தேன். குமரேசனும் வகுப்புக்குப் போகாமல் மூன்று நாளும் கூடவே உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரே பாட்டில் இரண்டு பேர் இவ்வளவு ஆழமாகப் போக முடியுமா என்று பின்னாளில் நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். அவனுக்கு நாக்கைத் திறக்க ஒரு தட்டு உண்டென்றால் அது இதுதான்.

மூன்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டியம்மாள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த உறையைப் பார்த்து, "உங்கள் பேரனுக்கா?" என்று கேட்டாள். "என் நண்பனுக்கு," என்றேன். "நல்ல அதிர்ஷ்டசாலி," என்றாள். கீழே சாமான் அறையில் முப்பத்தேழு தட்டு வெந்துகொண்டிருப்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை சிட்னியில், வெஸ்ட்மீடில் இருக்கும் கௌரி வீட்டில் பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்தது பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. மூடியை மூடினேன். அவன் பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பாதுகாத்த பொருள். ஒரே நாளில் பாழாக்கிவிட்டேன். கௌரியிடம் மூச்சு விடவில்லை. இருக்கிற மூன்று தட்டு பேச வைத்துவிட்டால் போதும், மற்றதற்கு அவன் காலில் விழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் குமரேசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பாதியாகிவிட்டான். "டேய், சேகர் வந்திருக்கேன்டா," என்றேன். திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியது. பிறகு மறுபடி சுவர். பேச்சுப் பயிற்சிப் பெண் ரோஸ், சின்ன வயதுதான், பொறுமையின் உருவம். நாளைக்குக் கூட்டத்தில் அவள்தான் அறிக்கை கொடுக்க வேண்டும். "அவருக்குப் புரிகிறது. ஆனால் முயற்சி செய்ய மறுக்கிறார். ஓர் அசைவு, ஒரு தலையாட்டல், எதுவானாலும் எனக்கு எழுதுவதற்கு வேண்டும்," என்றாள்.

ஆரணி எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயர் வாங்கி வைத்திருந்தாள், தூக்கிப் போகிற பெட்டி மாதிரி. 'தகரக் கொட்டகை'யை வைத்தேன். ஊசி இறங்கியது. கிழவரின் கால் தரையைத் தட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்பாடா!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல். கென் என்கிற முதியவர், வாழ்நாள் முழுக்க நெடுஞ்சாலை வண்டி ஓட்டியவர். "பதினோரு வாரமாக மணியடிக்கிற பாட்டாகக் கேட்டு எனக்கே சாமி வந்துவிட்டது. கடைசியில் ஒருத்தன் உருப்படியாக ஒன்று போடுகிறான்!"

குமரேசனின் கடைக்கண்ணில் நீர் வழிந்தது. "பாருங்க, பாருங்க!" என்று நான் ரோஸின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் பக்கக் கண்ணில் எப்போதும் நீர் வரும். மன்னியுங்கள்," என்றாள். முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு 'லாரி'. இதற்காவது அசைவான் என்று சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். கென் மெத்தையில் தாளம் போட்டார். குமரேசன் கண்ணை இறுக்கி மூடினான். ஆழ்ந்து கேட்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். நாலு நிமிடத்தில் அவன் தலைமாட்டு இயந்திரம் கத்தத் தொடங்கியது. ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. செவிலிப் பெண் ஓடிவந்து பிளேயரை மூடி, எங்களை வெளியே போகச் சொன்னாள்.

தாழ்வாரத்தில் கௌரி என் முன்னால் வந்து நின்றாள். இருபத்தைந்து வருடமாக 'அண்ணா' என்று பணிவாகப் பேசுகிறவள்.

"அண்ணா, நீங்கள் அவரைப் பார்க்கிறதே இல்லை. தட்டைத்தான் பார்க்கிறியள். அவர் கண்ணை மூடினது உங்களுக்குத் தெரியேல்லையோ? உங்களுக்காகத்தான் இதைப் போடுறியள், அவருக்காக இல்லை!"

"எனக்காகவா? யாருக்காகம்மா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? அவனைப் பத்தி உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டேன்.

"தெரிஞ்சு என்ன பிரயோசனம்? நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரைக் கொண்டுபோய்க் காப்பகத்தில விட்டுப்போடுவினம்." அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். ஆரணி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இப்போதைக்குப் போதும், ப்ளீஸ்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வங்கியில் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு அவமானமாக என்றும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை. நான் தோள்பையைத் திறக்கவே இல்லை. கௌரிதான் சொன்னாள்: "மிச்சம் ஒண்டு இருக்கெல்லே. அதையும் போடுங்கோ. இனி இழக்க என்ன கிடக்கு?"

'குடைக்காரி'யை எடுத்து அவனிடம் காட்டினேன். "அம்மா போனப்ப கேட்டோமே, அதுடா," என்றேன். அவன் உறையை வெகுநேரம் பார்த்தான். ரோஸ் கையில் காகிதத்தோடு ஓரமாக நின்றாள். சத்தத்தைக் குறைத்தே வைத்தேன்.

முதல் பாட்டு முடிந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவது பாட்டில் அவன் முகம் சிவக்கத் தொடங்கியது. இடது கை போர்வையைப் பிடித்துக் கசக்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஐயோ, மறுபடியும் அழுத்தம் ஏறிவிட்டதோ என்று பதறி நான் பிளேயர் பக்கம் எழுந்தேன். கௌரி அவன் கையைப் பிடித்தாள். அவன் உதறினான். வாய் கோணிக்கொண்டு திறந்தது. மூச்சு உள்ளே போய் வெளியே வராமல் நின்றது.

"நி... நிப்... நிப்பாட்டுடா!"

பிளேயரில் குடைக்காரி பாடிக்கொண்டிருந்தாள். பிறகு கௌரி வீலென்று ஒரு சத்தம் போட்டு அவன் மேல் விழுந்தாள். ஆரணி, "அப்பா பேசிட்டார், அப்பா பேசிட்டார்!" என்று தமிழிலேயே கத்தினாள். கென் ஏதும் புரியாமல் கை தட்டினார். ரோஸ் என் தோளை உலுக்கி, "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்றாள்.

"நிறுத்தச் சொல்கிறான்," என்றேன்.

"அற்புதம்!" என்றாள் ரோஸ். "தானாகவே, சந்தர்ப்பத்துக்குச் சரியாக, ஒரு முழுக் கட்டளை!" குனிந்து எழுதத் தொடங்கினாள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த 'டா' எனக்கானது. அதை அவன் என்னைத் தவிர யாரிடமும் சொல்வதில்லை. அழுதுகொண்டே போய் ஊசியைத் தூக்கினேன். தூக்கும்போதுதான் மற்றது உறைத்தது. அடப் பாவி, இந்தத் தட்டையா நிறுத்தச் சொன்னாய்?

கூட்டம் அரை மணி நேரம்தான் நடந்தது. ரோஸ் வெளியே வந்து, "இன்னும் ஆறு வாரம் இங்கேயே இருப்பார். தினமும் பயிற்சி," என்றாள். கௌரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நேற்றுச் சொன்னதை மனசில வைக்காதேங்கோ அண்ணா," என்றாள். "நீ சொன்னது சரிதாம்மா," என்றேன்.

அன்று பிற்பகல் குமரேசன் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்றால் கட்டைவிரல் மேலே, இல்லை என்றால் கீழே என்று காட்ட ரோஸ் அவனுக்குப் பழக்கியிருந்தாள். இதுவரை செய்யாததை இன்று அவள் கேட்டதும் உடனே செய்தான். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டேய், நிஜத்தைச் சொல்லு. குடைக்காரி பிடிக்குமா?"

கட்டைவிரல் கீழே.

"லாரி?"

கீழே.

"தகரக் கொட்டகை? அதுகூடவா?"

கீழே, கீழே என்று இரண்டு தடவை காட்டினான். கென் பக்கத்துக் கட்டிலில் தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்குடா ரெண்டு வருஷம் தினம் என் ரூம்ல வந்து உட்கார்ந்த?"

அவன் யோசித்தான். ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காற்றில் வட்டம் போட்டான். "தட்டா?" என்றாள் கௌரி. இல்லை. "சக்கரமா?" என்றாள் ஆரணி. இல்லை. எரிச்சலோடு விரலைக் கூரைக்கு நேராகக் காட்டி மறுபடி வட்டம் போட்டான்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விடுதி வராந்தாவிலேயே என் அறையில் மட்டும்தான் மின்விசிறி ஓடும். திருச்சி வெயிலில் அவன் அறை அடுப்பு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவனும் கோணல் வாயோடு சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. மின்விசிறிக்காக வந்தவன், அம்மா இறந்த அந்த மூன்று நாளும் பிடிக்காத தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு ஏன் எழுந்து போகவில்லை? அதை அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பதில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "குமரேசா, இன்னொண்ணு சொல்லணும். வெயில்ல பெட்டி பஸ் அடியில மாட்டிக்கிச்சு. மூணைத் தவிர மத்ததெல்லாம் நெளிஞ்சு போச்சுடா. நீ மஸ்கட், மெல்பர்ன்னு தூக்கிக்கிட்டுப் போய்ப் பத்திரமா வச்சிருந்த. உன் பொருளை நான் ஒரே நாள்ல கெடுத்துட்டேன். மன்னிச்சிரு."

அவன் தலையை ஆட்டினான். இல்லை, இல்லை என்று. வாய் திறந்தது, மூடியது. ரோஸ் காகிதத்தைத் தேடி எடுத்தாள். அவன் இடது கையைத் தூக்கி என் மார்பில் விரலை வைத்து அழுத்தினான்.

"ஒ... ஒன்... ஒன்னுது."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒவ்வொரு தரமும் வீடு மாறேக்க, இதை எறிவமோ எண்டு கேட்பன்," என்றாள். "சேகரின்ர சாமான், வந்து கேட்பான் எண்டுதான் சொல்லுவார். அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்கும் எண்டு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்கேல்லை."

நான் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் வாங்கிக்கொள்ளவே இல்லை. தனக்குப் பிடிக்காத நாற்பது தட்டை முப்பத்தாறு வருடம் எனக்காகக் காவல் காத்திருக்கிறான். ரோஸ் என்னிடம் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டாள். நான் அவன் விரலை என் மார்பிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஆரணிதான் சொன்னாள்.